உப்பமுது: ஓய்மாநாட்டுக் கரையில் ஒரு பங்குனி உத்திரத் தளிகை

பங்குனி உத்திரம் நம் ஸம்ப்ரதாயத்தார்க்கு எத்தகைய நன்னாள் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. திருவரங்கத்தில் பெரிய பிராட்டியாரும் நம்பெருமாளும் சேர்த்தியில் எழுந்தருளியிருக்கும் நாள் அது. அந்தச் சேர்த்தியின் திருமுன்பே எம்பெருமானார் சரணாகதி கத்யத்தை விண்ணப்பம் செய்தருளினார் என்பது ஆசார்ய பரம்பரை வழி வந்த ஐதிஹ்யம். ஆதிகாவ்யத்தின் பாலகாண்டத்தில் ஜனகர் தம் திருமகளின் விவாஹத்துக்குக் குறித்த நக்ஷத்திரமும் உத்தரபல்குனியே. ஆகவே அன்று சந்நிதிகளில் திருக்கல்யாணமும், க்ருஹங்களில் கல்யாணத் தளிகையும் ததீயாராதனமும் நடைபெறுகின்றன.

அடியேன் பிறந்து வளர்ந்தது மரக்காணத்து உப்பளங்களுக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரில். எங்கள் பகுதியில் பங்குனிக்கு இன்னுமோர் அடையாளம் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை மாசியில் பாத்திகளைச் செப்பனிட்டு, நீர் பாய்ச்சிக் காயவைத்த உழைப்பெல்லாம் வெண்குவியல்களாக வரப்புகளில் ஏறும் மாதம் அது. வீட்டில் திருக்கல்யாணத் தளிகைக்கு அரிசி புடைக்கும் நாட்களில், கிழக்கே உப்பு வாரிக்கொண்டிருப்பார்கள். இவ்விரண்டுக்குமுள்ள தொடர்பை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றேன்.

சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுக்கள் திருவமுதுக்கு வேண்டுவனவற்றை நிறுத்தும் அளந்தும் வரையறுக்கின்றன. அரிசிக்கு இவ்வளவு என்று தொடங்கி நெய்யமுது, தயிரமுது, பருப்பமுது, கறியமுது, மிளகமுது, அடைக்காயமுது என்று செல்லும் அந்த வரிசையில் 'உப்பமுது' என்ற சொல்லும் இடம்பெறுகின்றது. பெருமாளுக்கென்று எடுத்துவைத்த மாத்திரத்தில் உப்பும் அமுதாகிவிட்டது. நம் க்ருஹங்களில் சாற்றமுது, கறியமுது, திருக்கண்ணமுது என்ற சொற்கள் இன்றும் வழங்குகின்றன. உப்பமுது என்ற சொல் மட்டும் வழக்கொழிந்தது. அயோத்தியிலுள்ள ராமாநந்தி ஸாதுக்கள் உப்பை 'ராமரஸ்' என்றே இன்றளவும் சொல்லிவருகிறார்கள். நாமோ, மற்றவற்றையெல்லாம் அமுதென்று சொல்லிவிட்டு உப்பை உப்பென்றே நிறுத்திவிட்டோம். இதற்குக் காரணம் என்ன?

பழந்தமிழிலிருந்து தொடங்குவோம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளால் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடுவது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்ற பெயர் மரக்காணத்துக்கு வடக்கே இன்றும் ஒரு பேரூராட்சியின் பெயராக நிலவுகின்றது. அப்பாட்டில் வரும் கடற்கரை ஊராகிய எயிற்பட்டினம் மரக்காணப் பகுதியே என்றும், கிடங்கில் என்பது திண்டிவனத்துக் கிடங்கல் என்றும் அறிஞர் கொள்வர். எனவே இது எங்கள் கரையின் பாட்டு. 1889இல் மஹாமஹோபாத்யாய உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்தபின், ஓலையில் அடைபட்டிருந்த இச்செல்வம் யாவர்க்கும் கிட்டிற்று.

அப்பாட்டில் இரண்டு உணவுக் காட்சிகள் எதிரெதிரே நிற்கின்றன. பரிசில் பெற்று மீளும் பாணன் தன் பழைய வறுமையைச் சொல்வது முதற்காட்சி. கூரை சிதைந்த அடுக்களையில் குட்டி ஈன்ற நாய் குரைக்கின்றது. சுவரில் கறையான் அரித்திருக்கின்றது. பசியால் மெலிந்த அவன் மனையாள் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளிவந்து உப்பில்லாமலே வேகவைக்கிறாள். வறுமை எவர்க்கும் வரக்கூடியது என்றறியாத மடவோர் கண்டு பழிப்பார்களே என்று நாணி வாயிற்கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு கூடியிருந்து அதனை உண்கிறார்கள். உப்பில்லாததை 'உப்பிலி' என்ற சொல்லாலேயே புலவர் குறிக்கின்றார். இச்சொல்லை நினைவில் வைக்க வேண்டுகிறேன். இதனிடம் மீண்டும் வருவோம்.

இரண்டாவது காட்சி நல்லியக்கோடனின் விருந்து. காண்டவ வனத்தை எரியூட்டிய அர்ஜுனனுக்கு மூத்தவனாகிய பீமஸேனன் செய்த பாகசாஸ்த்ர நூலின் நெறி வழுவாமல் சமைத்த பலவகை அடிசில்களைப் பொற்கலத்தில் இட்டு, மன்னன் தானே நின்று ஊட்டினான் என்கிறது பாட்டு. அஜ்ஞாதவாஸத்தில் விராடனின் மடைப்பள்ளியில் வல்லவன் என்ற பெயரோடு பீமன் பாகசாலை நடத்திய வரலாற்றை நாம் அறிவோம். அதன் பேரால் ஒரு பாகநூல் தமிழகத்தில் அறியப்பட்டிருந்தது என்பதற்கு இப்பாட்டு சான்று.

இங்கே நோக்கத்தக்கது ஒன்றுண்டு. உப்பு விளையும் நாட்டைப் பாடும் பாட்டிலேயே உப்பில்லாக் கீரை வருகிறது. உப்பு மலிந்த நாட்டிலும் ஏழைக்கு உப்பு எளிதன்று. உமணர் உப்பை நெல்லுக்கு மாற்றினர். நெல்லுக்கு நேராக உப்பை அளந்துகொள்ளுங்கள் என்று கூவிவிற்கும் உமணப் பெண்ணை அகநானூறு காட்டுகிறது. வீட்டில் நெல் இல்லாதவனுக்கு உப்பும் இல்லை என்பதே இதன் பொருள்.

பிற்கால வரலாறும் இதனையே சொல்லுகின்றது. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. விளைவித்தவன் கம்பெனிக்கே கொடுக்க வேண்டும். தன் பாத்தியில் விளைந்ததையே தன் கஞ்சிக்கு எடுத்தாலும் குற்றம். பிற்காலத்தில் சென்னையிலிருந்து தெற்கே வந்த பக்கிங்ஹாம் கால்வாய் மரக்காணத்தருகே முடிகின்றது. தாது வருஷப் பஞ்சமாகிய 1876–78 காலத்தில் சென்னை நகரத்துள் கால்வாயை இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. உண்ண வழியற்றவர்கள் வெட்டிய வழியில் படகுகள் சென்றன. 1930ஆம் ஆண்டு, சித்திரை வருஷப் பிறப்பாகிய ஏப்ரல் 13 அன்று, ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டார். மாங்காயும் வேப்பம்பூவும் சேர்ந்த பச்சடி செய்யும் நாளில், அதிலிடும் உப்புக்காக மக்கள் வீட்டைவிட்டு நடந்தார்கள். உப்பின்மேலிருந்த வரி 1947இல் நீங்கிற்று.

உப்பு விளையும் முறையையும் சிறிது அறிந்துகொள்வது நலம். கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்களவே உப்புக்கள் உள்ளன. கழியிலிருந்து ஏற்றிய நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்றச் செய்கிறார்கள். முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்ஸமும் படிகின்றன. நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியபோது உண்ணும் உப்பு மணிமணியாகக் கட்டுகின்றது. அப்போது எஞ்சிய நீரை உரிய சமயத்தில் வடித்துவிட வேண்டும். வடிக்கத் தவறினால் அதிலுள்ள மக்னீசியக் கசப்பு உப்பில் ஏறிவிடும். வாரிய உப்பைக் குவித்துவைத்துக் கசப்புநீர் கசிந்து இறங்கும்வரை காக்கிறார்கள். இதனால்தான் எங்கள் வீட்டுப் பெரியோர் புது உப்பைத் தளிகைக்கு உடனே சேர்க்காமல், சென்ற ஆண்டின் பழைய உப்பையே பானையிலிருந்து எடுப்பார்கள். பங்குனியில் ஒருநாள் கோடைமழை பெய்தால் பாத்தியிலுள்ளது அத்தனையும் கரைந்துபோம். உப்புநீரில் நின்று, கால் வெடித்து, கண் கூசி வாருகிறவர்களுக்கு அந்நாளின் உழைப்பும் அத்துடன் போம்.

இனி சாஸ்த்ரம் உப்பைப் பற்றிச் சொல்வதைக் காண்போம். சாந்தோக்யத்தில் உத்தாலகர் தம் குமாரராகிய ச்வேதகேதுவை நீரில் உப்பையிட்டு மறுநாள் காலையில் வரச்சொல்கிறார். இட்ட உப்பை எடுத்துக்கொடு என்றால் எடுக்க முடியவில்லை. மேலும் நடுவும் அடியும் பருகிப்பார்த்தால் எங்கும் உப்பு. கண்ணுக்குப் புலப்படாமல் எங்கும் நிறைந்திருக்கும் ஸத்துக்கு உப்பே த்ருஷ்டாந்தமாயிற்று. இந்த ஸத்வித்யையை எம்பெருமானார் வேதார்த்த ஸங்க்ரஹத்தில் விரிவாக விளக்கி, ஸர்வ சரீரியாய் உள்ளே நிற்கும் அந்தர்யாமியை நமக்குக் காட்டியருளினார்.

ஆனால் அதே உப்பை விலக்கவேண்டிய இடங்களும் உண்டு. விவாஹமான தம்பதிகள் மூன்று இரவுகள் க்ஷார லவணங்களை விலக்கி வ்ரதம் காக்க வேண்டும் என்று ஆபஸ்தம்பர் க்ருஹ்யஸூத்ரத்தில் விதித்தார். இலையில் உப்பைத் தனியே கையால் பரிமாறிப் பிசைந்துண்பதாகிய ப்ரத்யக்ஷ லவணத்தையும் சிஷ்டர்கள் கொள்வதில்லை. பதார்த்தத்தோடு சேர்ந்து வெந்து மறைந்த உப்பே ஏற்றது. தான் தெரியாமல் பிறவற்றைச் சுவைக்கச் செய்வதே உப்பின் ஸ்வரூபம் என்ற கருத்து இவ்வாசாரத்தில் அடங்கியிருப்பதாக அடியேன் எண்ணுகின்றேன். உப்பமுது என்ற பெயர் நம் நாவிலிருந்து மறைந்ததற்கும் இதுவே காரணமாகலாம். தனியே பரிமாறாத ஒன்றுக்குப் பரிமாறும்போது சொல்லும் பெயர் தேவைப்படவில்லை.

இப்போது தளிகைக்கு வருவோம். எங்கள் திருமாளிகையில் பங்குனி உத்திரத்தன்று வாழைக்காய்க் கறியமுது, புடலையும் பயற்றம்பருப்பும் சேர்ந்த நெகிழ்கறியமுது, வெள்ளரிக்காய்க் கோசுமல்லி, மோர்க்குழம்பு, மிளகும் சீரகமும் பொடித்த சாற்றமுது, புளியோதரை, ததியோன்னம், வடை, திருக்கண்ணமுது, இவற்றோடு வெயிலுக்குப் பானகமும் நீர்மோரும் ஸமர்ப்பிப்பது வழக்கம். வெங்காயமும் பூண்டும் தளிகையில் சேரா என்பது சொல்லாமலே விளங்கும். உறவினரும் நண்பரும் சந்நிதி கைங்கர்யபரர்களுமாக ஐம்பது இலைகளுக்குக் குறையாது. பருப்பு வெந்து மசிந்தபின்னரே உப்பிட வேண்டும். இல்லையேல் மசியாது என்பார் பாட்டியார். புளிநீர் கொதித்துப் பச்சைவாடை போனபின் இட வேண்டும். கோசுமல்லியில் பரிமாறுவதற்குச் சற்று முன்னரே இட வேண்டும். இல்லையேல் வெள்ளரி நீர்விட்டுக் குழையும். புளியோதரையில் சற்று அதிகமாகவே விழவேண்டும். அன்னம் அதனை உறிஞ்சிக்கொள்ளும்.

இத்தனை நுட்பமும் தெரிந்தவர்க்கும் ஒரு தடை உண்டு. திருமடைப்பள்ளியிலும் க்ருஹத்திலும் பெருமாள் அமுதுசெய்வதற்கு முன் தளிகையை ருசி பார்த்தல் கூடாது, முகர்தலும் கூடாது. காரமும் புளிப்பும் நிறத்தால் ஒருவாறு தெரியும். வெந்த பதம் கரண்டியில் தெரியும். உப்பு மட்டும் கண்ணுக்கும் கைக்கும் அகப்படாது. தளிகை செய்பவர் தம் கையளவை நம்பி இட்டுவிட்டு, திரை விலகிப் பெருமாள் அமுதுசெய்து, அடியார் இலையில் விழுந்து, அவர்கள் முகத்தைக் காணும்வரை காத்திருக்க வேண்டியவரே. ஆகவே ஒவ்வொரு தளிகையிலும் உப்பு என்பது செய்தவரின் ஆகிஞ்சந்யம் வெளிப்படும் இடம்.

திருவிண்ணகர் ஸ்தலவரலாற்றை இந்நோக்கில் காண வேண்டும். அங்கே எழுந்தருளியிருக்கும் எம்பெருமானை நம்மாழ்வார் தன்னொப்பாரில்லப்பன் என்று அனுபவித்தார். ஒப்பிலியப்பன் என்ற திருநாமம் அதன் வழியே வந்தது. மக்கள் வழக்கில் அது உப்பிலியப்பன் என்றாயிற்று. வ்ருத்த ப்ராஹ்மண வேஷத்தில் வந்து பூமிப்பிராட்டியைக் கன்னிகாதானமாகக் கேட்ட பெருமானிடம், 'இவள் சிறு பெண். சமையலில் உப்பிடவும் அறியாள்' என்று மார்க்கண்டேயர் சொல்ல, உப்பில்லாததையே ஏற்கிறோம் என்று அவன் அங்கீகரித்தான் என்பது ஸ்தலபுராணம். இன்றும் அங்கே உப்பில்லாத தளிகையே ஸமர்ப்பிக்கப்படுகின்றது.

ஒப்பிலி உப்பிலியாக மருவியதால் இக்கதை பிற்காலத்தில் எழுந்தது என்று மொழியாராய்ச்சி செய்வோர் கூறுவர். திருநாமத்தின் மூலம் ஒப்பின்மையே என்பதில் அடியேனுக்கும் ஐயமில்லை. ஆயினும் சொல் மருவிய வழியை மட்டும் கண்டு நின்றால், தலைமுறை தலைமுறையாக அடுக்களையில் நின்றவர்கள் இக்கதையை ஏன் விடாமல் பற்றிக்கொண்டார்கள் என்பது விளங்காது. ருசி பார்க்காமல் உப்பிட்டுவிட்டு நெஞ்சம் பதைத்தவர்க்கெல்லாம் இக்கதை அபயப்ரதானமாக இருந்தது. சிறுபாணாற்றுப்படையின் பாணர்மகள் கதவடைத்து மறைத்த அதே உப்பிலியை, ஒப்பிலியானவன் வாயில்தேடி வந்து கேட்டு வாங்கி உண்டான் என்பது வரலாற்றில் எத்தகைய மாற்றம்!

இங்கே ஸம்ப்ரதாய விசாரம் ஒன்றும் எழுகின்றது. வாத்ஸல்ய குணத்தை நம் பூர்வாசார்யர்கள் இருவகையாக நிர்வஹித்துள்ளார்கள். பிள்ளை லோகாசார்யர் வழியில், ஈன்ற பசு கன்றின் உடலழுக்கையே விரும்பி நக்குமாப்போலே ஆச்ரிதனின் தோஷத்தையே போக்யமாகக் கொள்ளுதல் வாத்ஸல்யம். ஸ்வாமி தேசிகன் வழியில், தோஷத்தைத் தன் திருவுள்ளத்தில் கொள்ளாமை, காணாக் கண்ணிட்டிருத்தல் வாத்ஸல்யம். திருவிண்ணகரப்பன் உப்பின்மையைக் கவனிக்கவில்லையா, அந்த உப்பின்மையையே உகந்தானா என்று கேட்டால், இரண்டுக்கும் அக்கதை இடம் கொடுக்கின்றது. வழிகள் இரண்டாயினும் பலன் ஒன்று. இலையை அவன் தள்ளவில்லை. தளிகை செய்தவர்க்கு அது போதும்.

இதனை அடியேன் உணர்ந்தது நூலினால் அன்று. அடியேனுக்குப் பத்து வயதிருக்கும். பங்குனி உத்திரத்துக்கு முன்பு ஒவ்வோராண்டும் உப்பளத்துப் பெரியவர் ஒருவர் ஒரு மரக்கால் உப்பு கொண்டுவந்து கொடுப்பார். உத்திரத்தன்று கொல்லைப்புறத்தில் அவருக்கு ப்ரஸாதம் கொடுப்பார்கள். அவ்வாண்டு கூட்டம் மிகுதி. திருத்தாயார் சாற்றமுதில் உப்பிட மறந்துவிட்டார். பெருமாள் அமுதுசெய்தாயிற்று, முதற்பந்தி உட்கார்ந்தாயிற்று, ஒருவரும் வாய்திறக்கவில்லை. ப்ரஸாதத்தில் குறை சொல்வது அபசாரம் என்று அனைவரும் மௌனமாக உண்டனர். கொல்லையில் உண்டுகொண்டிருந்த பெரியவர் தாம் மெதுவாகக் கூப்பிட்டு, "அம்மா, சாத்துல உப்பு இல்லீங்களே. எல்லாருக்கும் ஊத்திட்டீங்களா?" என்றார். திருத்தாயார் கண்கலங்கி நின்றுவிட்டார். திருத்தகப்பனார் கோபிக்கவில்லை. "உப்பு விளைவித்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது? இன்று நம் பெருமாள் திருவிண்ணகரப்பன்" என்று சொல்லி, அந்த மரக்காலிலிருந்து ஒரு பிடி எடுத்து வெந்நீரில் கரைத்துத் தெளிவைப் பாத்திரத்தில் சேர்த்தார். ப்ரத்யக்ஷ லவண தோஷமும் வரவில்லை. இரண்டாம் பந்தியும் சுவையாக உண்டது. ச்வேதகேதுவின் நீரை அடியேன் முதன்முதல் பார்த்தது அன்றுதான்.

நெடுங்காலம் இதனை இனிய நினைவாகவே அடியேன் சொல்லிவந்தேன். சிறுபாணாற்றுப்படையை உரையோடு பயின்றபோதுதான், அடைத்த கதவு நெஞ்சில் தைத்தது. பாணர்மகள் நாணத்தால் கதவடைத்தாள். நாங்கள் எதனால் அடைத்தோம்? உப்பு கொணர்ந்தவர் கொல்லையில். உப்பில்லை என்று சொல்ல அஞ்சியவர்கள் கூடத்தில். திருத்தகப்பனார் உப்பைக் கரைத்தார், இடைக்கதவைத் திறக்கவில்லை. அவர் மீது குறை சொல்ல அடியேனுக்கு அதிகாரமில்லை. அவர் காலத்து வழக்கம் அது. ஆயினும் வழக்கத்தைவிடப் பழமையானதும் உயர்ந்ததுமான ப்ரமாணம் நம் குருபரம்பரையில் உள்ளதே.

திருக்கச்சி நம்பிகளை இளையாழ்வார் தம் திருமாளிகைக்குத் தளிகைக்கு எழுந்தருளப்பண்ணிய வரலாற்றை நினைப்போம். ஜன்மத்தால் தம்மினும் தாழ்ந்த குலத்தவராகக் கருதப்பட்ட நம்பிகளின் சேஷத்தை ஸ்வீகரிக்க வேண்டும் என்பதே இளையாழ்வாரின் திருவுள்ளம். அவர் எதிர்கொண்டழைக்க ஒரு வீதியில் செல்ல, நம்பிகள் வேறு வீதியால் வந்து, ஆலவட்ட கைங்கர்யத்துக்கு நேரமாயிற்று என்று அமுதுசெய்து சென்றுவிட்டார். தேவிகள் இலையை அப்புறப்படுத்தி, இடத்தைச் சுத்திசெய்து, மிஞ்சியதை வேறொருவருக்குக் கொடுத்து, நீராடி, மீண்டும் தளிகை செய்யத் தொடங்கினார். திரும்பிவந்த இளையாழ்வார் அடைந்த வருத்தம் குருபரம்பரையில் விரிவாகப் பேசப்படுகின்றது. அன்று அத்தளிகையில் உப்பு குறைந்திருக்காது. புளிப்பும் காரமும் பொருந்தியிருக்கும். ஆயினும் அது குறைவுடைய தளிகையாகவே நம் ஸம்ப்ரதாயத்தில் நிற்கின்றது. ஹஸ்தினாபுரத்தில் துர்யோதனன் இட்ட விருந்தை மறுத்து விதுரர் திருமாளிகையில் கண்ணன் அமுதுசெய்ததும் இவ்வர்த்தத்தையே காட்டுகின்றது.

க்ருஹ கார்யங்கள் அடியேனிடம் வந்தபின், அப்பெரியவர் வீட்டாரைக் கூடத்தில் இலையிட்டு அழைத்தேன். பெரியவர் அப்போது இல்லை. அவர் குமாரர் முதல் ஆண்டு வாயிற்படியிலேயே நெடுநேரம் நின்றார். உறவினருள் இருவர் அவ்வாண்டு எழுந்து போனார்கள். ஒருவர் அடுத்த ஆண்டு வந்தார், மற்றவர் வரவேயில்லை. அந்த ஓரிலை இன்றும் வெறுமையாகவே இருக்கின்றது. அதற்காக வருந்துகிறேன், செய்ததற்காக வருந்தவில்லை.

நல்லியக்கோடன் பீமன் நூலறிந்து சமைப்பித்தது மட்டும் புகழாகவில்லை. வந்தவர் எவராயினும் தானே நின்று ஊட்டியதைப் புலவர் சேர்த்துப் பாடினார். திண்டிவனத்தில் அவன் பெயரால் ஒரு நகர்ப்பகுதி இன்றும் வழங்குகின்றது. ததீயாராதனம் என்ற சொல்லில் 'ததீயர்' என்றால் அவனுடையவர்கள். உப்பு விளைவிப்பவர், அதனை அளந்து இடுபவர், உப்பில்லை என்று சொல்லும் துணிவுடையவர், யாவரும் அவனுடையவர்களே.

வைத்தியர் இப்போது அடியேனுக்கு உப்பைப் பெரிதும் குறைக்கச் சொல்லியிருக்கிறார். வருகிற உத்திரத்துக்கும் தளிகை நாட்டுப்பெண்ணின் கையில். அடியேனுடைய இலைக்கு மட்டும் உப்பில்லாமல் தனியே எடுத்துவைப்பாள். அதற்குத் திருவிண்ணகரப்பன் துணையுண்டு. மற்ற இலைகளுக்கு உரிய அளவில் இட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தளிகைச் சாமான் பட்டியல் எழுதும்போது, அரிசி பருப்பு வரிசையில், கல்வெட்டில் உள்ளவாறே 'உப்பமுது' என்று எழுதினேன். ஒரு மரக்கால் என்று அளவும் குறித்தேன். கொண்டுவருபவருக்கு இலை கூடத்தில்.